வேட்பாளரைவிட மூத்தவர்

சாமிக்கண்ணு ஐயாவுக்கு எண்பத்து மூன்று வயது என்பது எங்கள் தொகுதியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதுதான் மரியாதை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த மரியாதையை எதிர்க்கட்சி வேட்பாளர் ராஜ்கமல் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் போட்டு உடைத்துவிட்டார்.

"எண்பத்து மூணு வயசுல நம்ம வூட்டுப் பெரியவரை ரோட்டைத் தாண்டி பால் வாங்கவாவது அனுப்புவோமா? சட்டசபைக்கு மட்டும் எப்பிடி அனுப்பறோம்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் ஐயாவின் கட்சிக்காரர்கள் என்பது பிறகு வீடியோவைப் பார்த்தபோது தெரிந்தது.

கட்சி புண்பட்டது. புண்பட்ட கட்சி என்ன செய்யும்? குழு அமைக்கும். 'வயது ஐயம் தெளிவிக்கும் குழு' என்று பெயர் வைத்து, இளைஞரணிச் செயலாளர் செம்மலைத் தலைவராகப் போட்டார்கள். செம்மலுக்கு ஐம்பத்தொன்பது வயது. இளைஞரணியில் அவரைவிட மூத்தவர்களும் உண்டு என்பதால் அங்கே அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஐயாவின் வயதைக் கட்சி அதுவரை பேனர் மூலமாகவே சமாளித்து வந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் பழைய ஆல்பத்தில் இன்னும் பின்னுக்குப் போய் ஒரு படத்தை எடுப்பார்கள். இந்தத் தடவை வைத்த பேனரைப் பார்த்துவிட்டு, வெளியூர்க்காரர் ஒருவர், "அப்பா போயி மகன் நிக்கறாரா?" என்று டீக்கடையில் கேட்டார். ஐயாவுக்குப் பிள்ளையே கிடையாது.

குழுவின் முதல் கூட்டத்தில் செம்மல் பேசினார். "வயசுன்னா என்னா? பக்கத்துல யாரு நிக்கறாங்கன்றதுதான் வயசு. மேடையில ஐயாவைச் சுத்தி நாம நிக்கறோம். அதனாலதான் அவரு வயசானவரா தெரியறாரு. தப்பு அவரு மேல இல்ல. நம்ம மேலதான்." எல்லோரும் கை தட்டினார்கள். ஐயாவைவிட இளமையாகத் தெரியும் எவரும் இனி மேடை ஏறக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. இளைஞரணித் தோழர்கள் தேர்தல் முடியும்வரை தலைக்கு மை அடிக்கக் கூடாது என்று கிளைத் தீர்மானம் ஒன்றும் வந்தது. அதை மட்டும் ஒருவரும் மதிக்கவில்லை. கட்சிக்காக உயிரைக் கொடுக்கத் தயார், மயிரைக் கொடுக்க முடியாது என்று பொருளாளர் எழுந்து நின்றே சொல்லிவிட்டார்.

அதனால் ஆள் தேட வேண்டியதாயிற்று. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல அந்த நேரம் பார்த்து ஆதிமூலம் கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

ஆதிமூலத்துக்கு அறுபத்திரண்டு வயது. பஞ்சாலையில் இருந்தவர். ஆலையை மூடிய பிறகு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். அறுபது முடிந்ததும், வயதாகிவிட்டது என்று சொல்லி அங்கேயும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு இரும்புக் கேட்டைத் திறந்து மூட அறுபது வயதுக்கு மேல் ஆகாது. தலை முழுக்க நரை, முன்பல் போய்விட்டது, நூல் தூசியில் வந்த இருமல் வேறு.

அவர் வந்தது மகளுக்காக. கலைவாணி ஒரு அரசுத் துறையில் வவுச்சர் ஊழியர். அதாவது செய்ய வேண்டிய வேலை நிரந்தரம், சம்பளமும் பதவியும் நிரந்தரமில்லை. ஒருநாள் காலையில் அவளோடு சேர்த்து ஒரு கூட்டத்தையே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். புருஷனை இழந்தவள், கைக்குழந்தை வேறு. ஐயா ஒரு வார்த்தை சொன்னால் திரும்ப எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ரெட்டியார்பாளையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்.

செம்மல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவரே, வயசு என்னா?"

"அறுபத்திரெண்டுங்க."

"அருமை. பாக்கறதுக்கு எண்பத்தஞ்சு சொல்லலாம். கொஞ்சம் இருமுங்க?"

ஆதிமூலம் இருமினார். கேட்டதற்காக நடித்த இருமல் இல்லை அது. குழுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"பொண்ணு வேலையை நான் பாத்துக்கறேன்" என்றார் செம்மல். "தேர்தல் முடியற வரைக்கும் நீங்க ஐயா பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான். ஒண்ணும் பேச வேணாம். வயசானவரா இருந்தாப் போதும்."

ஆதிமூலத்துக்குப் புரியவில்லை. வயதானவராக இருந்ததற்காக வேலையிலிருந்து அனுப்பியதைப் பார்த்திருக்கிறார், அதற்காக வேலை கொடுப்பதை இப்போதுதான் பார்க்கிறார். மகளை நினைத்துத் தலையாட்டினார்.

ஒரு கைத்தடி கொடுத்தார்கள். மடிப்புக் கலையாத வேட்டி வேண்டாம், கசங்கியதே போதும் என்றார்கள். பயிற்சியும் உண்டு. மேடையில் ஐயா எழுந்தால் ஆதிமூலமும் எழ வேண்டும், ஆனால் ஐயாவைவிட மெதுவாக. கேட்பதற்கு எளிது. ஐயா நாற்காலியின் கையைப் பிடித்து, முன்னால் சாய்ந்து, யோசித்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி சாய்ந்து எழுபவர். அதைவிட மெதுவாக எழுவதென்றால் எழாமலே இருக்க வேண்டும். முதல் கூட்டத்தில் ஐயா நிமிர்ந்து கும்பிட்டு முடித்தபோதும் ஆதிமூலம் பாதி எழுந்த நிலையிலேயே இருந்தார். தேசிய கீதமே அப்படித்தான் முடிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. "பாருங்க ஜனங்களே, ஐயா எப்பிடி எழுந்தாரு, பக்கத்துல இருக்கறவரு எப்பிடி எழுந்தாரு!" என்று செம்மல் மேடைக்குக் கீழே நின்று மைக்கில் கூவினார்.

ஐயா மேடையில் தூங்கினால் அது சிந்தனை. பேசும்போது பாதியில் நின்றால் அது நிதானம். ஒரே வாக்குறுதியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது உறுதி. இதையெல்லாம் குழு முன்கூட்டியே நிருபர்களுக்குச் சொல்லி வைத்திருந்தது.

ஆதிமூலத்தின் வயதும் ஏறிக்கொண்டே போனது. எண்பத்தைந்தில் சேர்ந்தவர் அந்த வாரக் கடைசியில் தொண்ணூறைத் தொட்டார். பிறகு யாரோ, "நூறுன்னா ஜனங்க மனசுல நிக்கும்" என்றார்கள். மறுநாள் எல்லோருடைய போனிலும் படம் வந்துவிட்டது: 'நூறு வயது முதியவரும் நம் ஐயா பக்கம்.'

தண்ணீர்க் குழாயடிக்குப் போன அவர் மனைவி அமிர்தவல்லியிடம், அந்தப் படத்தைப் பார்த்திருந்த பக்கத்து வீட்டுக்காரன் பாவாடை, "உங்க மாமனாரு இன்னும் இருக்காரா? சொல்லவே இல்லியே" என்று கேட்டான். பாவாடை கேலிக்காரன்தான், ஆனால் அன்றைக்குக் கேலியாகக் கேட்கவில்லை. அமிர்தவல்லி குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள்.

"ஏங்க, என்னை நூறு வயசுக் கிழவன் பொண்டாட்டி ஆக்கிட்டீங்களே" என்றாள். "ஐம்பத்தி நாலு வயசு எனக்கு. வெளிய தலைகாட்ட முடியல."

"கலைக்காகத்தான்டி."

"தெரியுது. அதான் அழுவக்கூட முடியல."

ஆதிமூலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது அவருக்கு. ஆலை வாசலில் கூலி கேட்டு நின்றபோதுகூட இப்படி வெட்கப்பட்டதில்லை.

வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போனபோது ஒரு சொல்தா வீடு வந்தது. சொல்தா என்றால் எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். இவருக்குத் தொண்ணூற்றொன்று. தானே வந்து கதவைத் திறந்தார். தானே நாற்காலியை இழுத்துப் போட்டு ஐயாவை உட்கார வைத்தார். செம்மலுக்கு அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தது பிடிக்கவில்லை. புகைப்படக்காரரை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

"வயசு ஒரு விஷயமே இல்லன்னு நீங்கதான் ஜனங்களுக்குச் சொல்லணும்" என்று செம்மல் சொல்தாவைக் கேட்டுக்கொண்டார்.

"வயசு ஒண்ணும் தப்பில்ல முசியே" என்றார் சொல்தா. பிரெஞ்சுப் பழக்கத்தில், மரியாதைக்கு அவர் எவரையும் முசியே என்றுதான் கூப்பிடுவார். "ஆனா பாருங்க, நான் உயிரோட இருக்கறேனான்னு பிரான்சுக்காரன் வருஷா வருஷம் கேக்கறான். நான் நேர்ல போயி, இருக்கறேன்னு காட்டி, கையெழுத்துப் போட்டாத்தான் பென்ஷன். நீங்க உங்க ஐயாவை என்னா கேட்டீங்க?"

"ஐயாவை எதுக்குக் கேக்கணும்?" என்றார் செம்மல். "ஐயா நின்னாத்தான் கட்சி. இந்த சீட்டுக்கு எங்கள்ல பத்து பேரு அடிச்சிக்கறோம். ஐயா இருக்கற வரைக்கும் யாருக்கும் கிடைக்காது. அதனாலதான் ஒத்துமையா இருக்கறோம். இதைவிட ஐயா வேற என்னா சேவை செய்யணும்?"

இதைச் செம்மல் பெருமையாகத்தான் சொன்னார். சொல்தா ஐயாவைப் பார்த்து, "நீங்க என்னா சொல்றீங்க முசியே?" என்றார். ஐயா சிரித்து, கும்பிட்டு, "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று ஆரம்பித்தார். செம்மல் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்.

இதற்குள் ராஜ்கமல் கடற்கரைச் சாலையில் ஓடுகிற மாதிரி வீடியோ போட்டுவிட்டார். தண்டால் எடுத்தார், தாண்டிக் குதித்தார். கோவில் குளத்தில் நீந்தினார். தொகுதிக்கு என்ன செய்வார் என்று மட்டும் எந்த வீடியோவிலும் இல்லை. இப்படியாக ஒரு பக்கம் வயது இல்லாததே தகுதி, இன்னொரு பக்கம் வயதை மறைப்பதே தகுதி என்று ஆனது. குடிதண்ணீர் உப்புக் கரிப்பதைப் பற்றி இரண்டு பக்கமும் பேசவில்லை.

பதிலுக்கு 'இளமைப் பயணம்' என்று குழு அறிவித்தது. நோணாங்குப்பம் படகுத் துறையிலிருந்து ஐயா படகில் போவார், நிருபர்கள் இன்னொரு படகில் தொடர்ந்து படம் எடுப்பார்கள். ஐயாவுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி, தலையில் தொப்பி வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டார்கள். கையை எடுத்து விரலை விரித்து வெற்றிச் சின்னம் காட்ட வைத்தார்கள். பக்கத்தில் வழக்கம்போல ஆதிமூலம். படகோட்டியைத் தவிர வேறு யாரும் இல்லை. இன்ஜின் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்காது.

அலையாத்திச் செடிகளைத் தாண்டியதும் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். ஆதிமூலத்தின் கையைப் பிடித்தார்.

"அண்ணே" என்றார்.

ஆதிமூலம் பின்னால் திரும்பிப் பார்த்தார். படகோட்டியைத் தவிர யாரும் இல்லை.

"அண்ணே, உங்களத்தான். உங்களுக்கு நூறு வயசுன்னு சொன்னாங்க. நான் உங்களுக்குச் சின்னவன். என்னை வூட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கண்ணே."

"ஐயா, நான்..."

"நான் நிக்கலன்னுதான் சொன்னேன். யாரும் கேக்கல. சின்னப் பசங்க. பெரியவங்க சொன்னா கேப்பாங்க. இவ்வளவு நாளா சொல்றதுக்கு எனக்குப் பெரியவங்கன்னு யாரும் இல்ல. இப்ப நீங்க இருக்கறீங்க."

செம்மல் குழு ஊரையெல்லாம் நம்ப வைக்கப் பாடுபட்டது. ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சும்மா பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நூறு வயதை முழுமனதாக நம்பியவர் வேட்பாளர் ஒருவர்தான்.

ஆதிமூலத்துக்கு அவரைத் தெரியும். ஆலை மூடப்பட்டபோது வாசலில் வந்து தரையில் உட்கார்ந்தவர், போலீஸ் தூக்கும்வரை எழாதவர். மறுபடி ஆலை திறக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார். அந்த மனிதர் இப்போது தன் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணே என்கிறார். உண்மை வயதைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் இருக்கிற ஒரு அண்ணனும் அவருக்குப் போய்விடுவான்.

"சொல்றேன்யா" என்றார்.

"தம்பின்னு கூப்புடுங்கண்ணே."

ஆதிமூலம் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து அவரிடம் கொடுத்தார்.

கரைக்கு வந்ததும் ஆதிமூலம் செம்மலைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஐயாவுக்கு முடியவில்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் என்றார். செம்மல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தேர்தல் நேரத்துல எந்தத் தலைவருக்கும் வூட்டுக்குப் போவணும்னுதான் தோணும். அது எளிமை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க பொண்ணு பேரு கலைவாணிதானே? நாளைக்குக் கடைசிக் கூட்டம். நூறு வயசுப் பெரியவரு மைக்குல ஐயாவை வாழ்த்திப் பேசணும். பேசி முடிச்சதும் பொண்ணு விஷயத்தை நானே நேர்ல போயி முடிக்கறேன்" என்றார்.

கடைசிக் கூட்டத்துக்கு நல்ல கும்பல். பெண்கள் பக்கம் முன்வரிசையில் கலைவாணியையும் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள், குழந்தையோடு. மேடையில் ஐயா மாலைகளுக்குள் உட்கார்ந்திருந்தார். ஆதிமூலம் மைக்கைப் பிடித்ததும் ஐயா தலையைத் தூக்கினார். அதுவரை எந்தப் பேச்சுக்கும் தூக்காத தலை. கண் பளிச்சென்று இருந்தது. சொல்லுங்கண்ணே என்று உதடு அசைந்தது.

நூறு வயது மனிதர் என்ன சொல்வார் என்று கேட்க எல்லோருக்கும் ஆசை. இந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆதிமூலம் முன்வரிசையைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கக் கூடாது என்று கலைவாணி தலை குனிந்திருந்தாள். குழந்தை மட்டும் தாத்தாவைப் பார்த்துக் கையை ஆட்டியது.

"தம்பி சாமிக்கண்ணு" என்றார் ஆதிமூலம். இருமல் வந்தது. இருமலுக்கும் கை தட்டினார்கள். "தம்பி சாமிக்கண்ணு இன்னும் அஞ்சு வருசம் நம்ம தொகுதிக்கு உழைக்கணும். இது பெரியவன் என் வாக்கு."

விசில் பறந்தது. ஆதிமூலம் திரும்பி ஐயாவைப் பார்க்காமலே உட்காரப் போனார். ஆனால் ஐயா எழுந்துவிட்டார். யாரும் பிடிக்காமல், நாற்காலிக் கையைத் தொடாமல், எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை. நேரே வந்து ஆதிமூலத்தின் எதிரே நின்றார். அவர் முகத்தில் கோபமில்லை. பெரியவர் சொன்னால் மறுபேச்சு பேசாமல் வளர்ந்த ஆள்.

"சரிங்கண்ணே" என்றார். சொல்லிவிட்டு மெல்லக் குனிந்து, அறுபத்திரண்டு வயது ஆதிமூலத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"பாருங்க! பாருங்க! எப்பிடிக் குனியறாரு பாருங்க!" என்று செம்மல் மேடைக்குத் தாவி வந்து மைக்கைப் பிடுங்கி அலறினார். "எண்பத்து மூணு வயசா இது? ராஜ்கமல் குனிவாரா இப்பிடி?"

குனிந்தவரால் நிமிர முடியவில்லை. ஆதிமூலம்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். உடம்பில் கனமே இல்லை. அந்த இடத்திலேயே மேடை உடைந்து தான் உள்ளே போய்விட வேண்டும் என்று ஆதிமூலம் வேண்டிக்கொண்டார். மேடை உறுதியாகத்தான் கட்டியிருந்தார்கள்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கலைவாணி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து கேட்டாள். "எனக்காகத்தானப்பா அப்பிடிச் சொன்ன?"

"இல்லம்மா."

"அப்பறம் யாருக்காக?"



ஓட்டுப் போடும் நாளில் ஆதிமூலம் முதல் ஆளாகப் போய் நின்றார். உள்ளே போய் ராஜ்கமலின் சின்னத்தை அழுத்தினார். ராஜ்கமலின் தண்டாலையோ நீச்சலையோ நம்பி அல்ல. ஐயா தோற்றால்தான் வீட்டுக்குப் போக முடியும், வேறு வழி தெரியவில்லை. வயது முக்கியமா இல்லையா என்று ஊரே அடித்துக்கொண்ட அந்தத் தேர்தலில், வேட்பாளர் ஆசைப்பட்டபடி ஓட்டுப் போட்ட ஒரே வாக்காளர் அவர்தான்.

ஐயா ஜெயித்தார். குனிந்து கும்பிட்ட வீடியோதான் ஜெயிக்க வைத்தது என்று குழு தன் அறிக்கையில் எழுதிக்கொண்டது. செம்மல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கலைவாணியை மறுபடி வவுச்சரில் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்றே வெற்றி ஊர்வலமும் ரெட்டியார்பாளையத்துக்கு வந்தது.

வெடிச் சத்தம் கேட்டதுமே ஆதிமூலம் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார். "நான் இல்லன்னு சொல்லிடு" என்றார் அமிர்தவல்லியிடம்.

ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி எடுக்க ஜீப் நின்று நின்று வந்தது. அமிர்தவல்லி ஆரத்தித் தட்டு எடுக்கவில்லை. வெறுங்கையோடு வாசலில் நின்றாள். ஜீப் அவள் வீட்டைத் தாண்டப் பார்த்தபோது ஐயா டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். கழுத்துவரை மாலை. முகத்தில் குங்குமம் வழிந்து கிடந்தது. அதைத் துடைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"இது பெரியவரு வூடுதானம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இருக்காரா?"

அமிர்தவல்லி கதவைப் பார்க்காமல் நின்றாள். "வெளிய போயிருக்காருங்க."

ஐயா தலையாட்டினார். செம்மல் பின்னாலிருந்து, "போலாம் போலாம்" என்று ஜீப்பைத் தட்டினார். நகரும் ஜீப்பிலிருந்து ஐயா திரும்பி, மாலைகளை விலக்கிக்கொண்டு, தெரு கேட்கச் சொன்னார்.

"வந்தா சொல்லும்மா. தம்பி இன்னும் வூட்டுக்குப் போவலன்னு சொல்லு."